மழை பெய்தால்தான் நிரம்பும் உணவகம்

மதியம் ஒன்றேகால் மணி. ஒரு தீம் பார்க்கின் நடுவில், பழைய மாளிகை மாதிரி கட்டியிருந்த உணவகத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தோம். கனமான மரக் கதவு, பித்தளைக் கைப்பிடி, உள்ளே ஏசி. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். நாற்பது மேசையாவது இருக்கும். மூன்றில்தான் ஆள். வெயிட்டர்கள் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேசைகளின்மேல் துணி நாப்கின்கள் விசிறி மடிப்பில் விறைப்பாக உட்கார்ந்திருந்தன. அங்கிருந்து முப்பது அடி தள்ளி ஒரு வண்டிக்கடை. அதன்முன் ஐம்பது பேர் கொளுத்தும் வெயிலில் வரிசையில் நின்றார்கள். வாங்கியவர்கள் உட்கார இடமில்லாமல் பூச்செடித் திட்டின் விளிம்பில் ஒண்டிக்கொண்டு, காகிதத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். நாங்களும் போய் அந்த வரிசையில்தான் நின்றோம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. காலையிலிருந்து நடந்ததில் கால் வீங்கியிருந்தது. "அங்க அவ்வளவு நாற்காலி போட்டு வச்சிருக்கானே, உள்ள போய் உட்காரலாமேடா" என்றார். "அங்க போனா லேட்டாயிடும்மா" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே உறுத்தியது. எதற்கு லேட்? அன்றைக்கு எங்களுக்கு ஆபீசும் இல்லை, ரயிலும் இல்லை. விடுமுறைக்கென்று காசு கொடுத்து வந்த இடம். அங்கே ஒரு நாற்காலியில் உட்காரக்கூட நேரமில்லை என்று பெற்ற தாயிடம் சொல்லியிருக்கிறேன்.

இது நடந்து பல மாதம் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் காலி மேசைகள் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பேர் நுழைகிற இடம். வெளியே போய்ச் சாப்பிட்டு வருவது சுலபமில்லை. எல்லோருக்கும் பசிக்கிறது. ஒரு உணவகக்காரர் கனவில்கூட இப்படி ஒரு இடம் கேட்க மாட்டார். அப்படியிருந்தும் ஏன் ஈ ஓட்டுகிறார்கள்?

விலையா, ருசியா

கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொன்ன பதில் விலை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்று வண்டிக்கடையில் நாங்கள் கொடுத்ததை அப்புறம் கூட்டிப் பார்த்தேன். குளிர்பானம் மட்டும் டிராகன் தலை வைத்த பிளாஸ்டிக் கோப்பையில். பையன் அதைத்தான் வேண்டுமென்றான், அதற்குத் தனிக் காசு. சாப்பாடு ஒருவருக்குப் போதாமல் இரண்டாவது முறை வரிசையில் நின்றோம். கடைசியில் மாளிகை வாசலில் மாட்டியிருந்த மெனு விலைக்கும் எங்கள் செலவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. தீம் பார்க்குக்குள் போகிறவர்கள் விலையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், ஆனால் கொடுத்துவிடுவார்கள். விலை பார்ப்பவர்களுக்கு அந்தக் கோப்பையை விற்கவே முடியாது.

அடுத்த பதில், சாப்பாடு நன்றாக இருக்காது என்பது. இருக்கலாம். ஆனால் தெருவில் இருக்கிற ஓட்டலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தெரு ஓட்டல் வாடிக்கையாளர்களால் வாழ்கிறது. நேற்று சாப்பாடு சரியில்லை என்றால் இன்று அவர் வரமாட்டார், பக்கத்து வீட்டிலும் சொல்வார். தீம் பார்க்குக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் வருஷத்துக்கு ஒருமுறை, சிலர் ஆயுளுக்கே ஒருமுறை. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோன என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சமையல் நல்லதா கெட்டதா என்றே தெரியாது. சாப்பிடாதவர்களை ருசி எப்படி விரட்டும்? சமையல் அற்புதமாக இருந்தாலும் நிலைமை இதேதான் என்பது இதில் இருக்கிற சோகம். உள்ளே ஒரு நல்ல சமையல்காரர் இருந்து, அவர் காலையிலிருந்து கொதிக்கவைத்த சூப்பின் வாசனை அந்தக் கனமான கதவைத் தாண்டவில்லை என்றால் என்ன பிரயோசனம். வண்டிக்கடைக்குக் கதவே கிடையாது. பொரிக்கிற வாசனை பத்தடிக்கு முன்பே ஆளைப் பிடித்து இழுக்கிறது. என்ன தருகிறார்கள், எவ்வளவு நேரமாகும், முன்னால் எத்தனை பேர் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது.

மாளிகையில் எதுவும் தெரிவதில்லை. கதவைத் தள்ளினால் ஒரு பெண் புன்னகையோடு "முன்பதிவு இருக்கா?" என்று கேட்கிறார். முடிந்தது. வியர்த்து வழிகிற சட்டையோடு, தண்ணீர் ரைடில் நனைந்த கால்சட்டையோடு நிற்கிறவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதுமே தான் தப்பான இடத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றிவிடும்.

இடி இடித்த நாள்

எங்களுடையது இரண்டு நாள் டிக்கெட். மறுநாள் பதினொன்றரைக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் ஒரு இடி. உடனே ஒலிபெருக்கியில் அறிவிப்பு: மின்னல் காரணமாகத் திறந்தவெளி ரைடுகள் தற்காலிகமாக நிறுத்தப்படுகின்றன. ரோலர் கோஸ்டர் வரிசையில் நாற்பது நிமிஷமாக நின்று, முன்னால் இருபது பேர் மட்டும் பாக்கி இருந்த சமயம் அது. மகள் அழாத குறை. மழை கொட்ட ஆரம்பித்ததும் மொத்தக் கூட்டமும் கூரை தேடி ஓடியது. நாங்கள் ஓடிய வழியில் அதே மாளிகை.

வாசலில் வரிசை. வழக்கமாக "முன்பதிவு இருக்கா?" என்று கேட்கிற பெண் இன்று காகிதத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். யாரும் நகரவில்லை. அதே மெனு, அதே விலை, அதே கதவு. முன்தினம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போன ஜனம் இன்று உள்ளே இடம் கிடைத்தால் போதும் என்று நிற்கிறது. விலை, ருசி என்று நான் கட்டிவைத்திருந்த விளக்கமெல்லாம் அந்த மழையில் கரைந்துபோனது.

ஒருவழியாக உட்கார்ந்தோம். ஆர்டர் எடுக்கவே இருபது நிமிஷம். மன்னிப்புக் கேட்க வந்த மேற்பார்வையாளருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: "நேத்து இதே நேரம் காலியா இருந்துதே?" அவர் சிரித்துவிட்டார். "நேத்து வெயில் சார். வெயில் அடிச்சா எங்களுக்குக் கிட்டத்தட்ட லீவு." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சாதாரண நாள்ல இந்தக் கதவைத் திறந்து வர்றவங்கள்ல பாதிப் பேர் பாத்ரூம் எங்கன்னு கேக்கத்தான் வருவாங்க. மீதிப் பேர்ல பாதி போனுக்கு சார்ஜ் போட." தினமும் காலியாக இருப்பதால் சமையலறைக்கும் சர்வீஸுக்கும் ஆட்களைக் குறைத்துத்தான் போடுகிறார்களாம். மழை வந்தால் அந்த ஆட்களால் சமாளிக்க முடிவதில்லை. ஆக, உணவகம் நிரம்புகிற ஒரே நாளில் சேவை மோசமாக இருக்கிறது. அன்று வந்தவர்கள் போனிலேயே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். "நாங்க நல்லா செய்யற நாள்ல பாக்க ஆளில்ல சார்" என்றார்.

சாப்பாடு வந்தது. நன்றாகவே இருந்தது, உண்மையாகச் சொல்கிறேன். பாதி சாப்பிட்டிருப்போம். மழை விட்டது. ஒலிபெருக்கி மறுபடி பேசியது: ரைடுகள் சற்று நேரத்தில் படிப்படியாகத் திறக்கப்படும்.

அப்போது நடந்ததை நான் வேறு எந்த ஓட்டலிலும் பார்த்ததில்லை. மண்டபத்தில் பாதிப் பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் தேய்க்கிற சத்தம் அலை மாதிரி வந்தது. வாயில் மென்றுகொண்டே பில் கேட்டவர்கள், பில்லுக்கும் காத்திராமல் கவுண்டருக்கே ஓடியவர்கள், குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மற்றொரு கையில் ஒரு துண்டு ரொட்டியோடு போனவர். மேசைகளில் பாதி தின்ற தட்டுகள் அப்படியே கிடந்தன. முக்கால் மணி நேரம் காத்திருந்து, முழு விலை கொடுத்து வாங்கிய சாப்பாடு. இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நானும் எப்போதோ எழுந்து நின்றிருந்தேன் என்பதை அம்மா சொல்லித்தான் கவனித்தேன். "நீங்க போங்க. நான் இந்த சூப்பை முடிக்கிறேன்" என்றார் அம்மா. அவர் எழவே இல்லை. நாங்கள் போய்விட்டோம்.

போய் ஐம்பது நிமிஷம் வரிசையில் நின்றோம். ரைடு மூன்று நிமிஷம்கூட ஓடவில்லை.

கூப்பன் கிழித்த காலம்

அந்த ஐம்பது நிமிஷத்தில் யோசிக்க நேரம் நிறைய இருந்தது. அந்த உணவகத்துக்குப் போட்டி பக்கத்து வண்டிக்கடை இல்லை, ரோலர் கோஸ்டர்தான். வாசலில் மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டோம். அந்தக் கணத்திலிருந்து ஒவ்வொரு நிமிஷத்துக்கும் நாமே மனசுக்குள் ஒரு விலை ஒட்டிக்கொள்கிறோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால் சாப்பாட்டுக் காசோடு அந்த ஒரு மணி நேரத்தின் டிக்கெட் காசும் போகிறது. மெனுவில் அச்சடிக்காத விலை அது. வரிசையில் ஐம்பது நிமிஷம் நிற்பது மட்டும் நஷ்டமாகத் தோன்றுவதில்லை, ஏனென்றால் அது "ரைடுக்காக". மனுஷ மனசுக்கு இந்தக் கணக்கில் எப்போதுமே கொஞ்சம் தகராறு உண்டு.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்ட் 1955இல் திறந்தபோது உள்ளே நுழைய ஒரு கட்டணம், ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் கட்டணம். அந்த ஆண்டிலேயே கூப்பன் புத்தகம் கொண்டுவந்தார்கள். சின்ன ரைடுக்கு ஏ, அதைவிடப் பெரியதற்கு பி, சி என்று போய், 1959இல் பெரிய ரைடுகளுக்கென்று ஈ வந்தது. 1982இல்தான் கூப்பனை ஒழித்து, ஒரே டிக்கெட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்று மாற்றினார்கள். கூப்பன் கையில் இருந்தவன் உட்கார்ந்து சாப்பிட்டால் அவனுக்கு எதுவும் குறையாது. கூப்பன் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். எல்லாம் தீர்ந்துவிட்டால் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலையுமில்லை. ஒரே கட்டணம் வந்தபிறகு கூப்பன் இருந்த இடத்தில் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகங்களுக்கு அங்கேதான் அடி விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே கலிபோர்னியாவில் உண்டு. வால்டர் நாட் என்பவர் சாலையோரம் பெர்ரி பழம் விற்றுக்கொண்டிருந்தார். 1934இல் அவர் மனைவி கொர்டீலியா கோழிக்கறிச் சாப்பாடு போட ஆரம்பித்தார். முதல் நாள் எட்டே பேருக்கு, அதுவும் தங்கள் கல்யாணப் பீங்கான் தட்டுகளில். கொஞ்ச நாளில் கூட்டம் தாங்காமல் ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று வால்டர் ஒவ்வொன்றாக வேடிக்கைகள் வைத்தார். 1940இல் ஒரு பழைய மேற்கத்திய ஊரையே கட்டத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற தீம் பார்க் ஆனது. அங்கே சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார்கள், நேரம் போக வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் ரைடுக்காகக் காத்திருக்கிறோம், கிடைத்த இடைவெளியில் எதையோ விழுங்குகிறோம்.

இருட்டுக்குள் ஓர் உணவகம், வெளிச்சத்தில் ஒரு தோல்வி

கூட்டம் அலைமோதுகிற தீம் பார்க் உணவகங்களும் இருக்கின்றன. அவை என்ன செய்கின்றன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. டிஸ்னிலாண்டில் 1967இல் திறந்த ப்ளூ பேயூ, கடற்கொள்ளையர் ரைடுக்கு உள்ளேயே இருக்கிறது. நடுப்பகலிலும் அங்கே இரவு, விளக்குகள் மங்கலாக எரியும், பக்கத்தில் தண்ணீரில் ரைடின் படகுகள் போய்க்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பார்க்கை விட்டுவிட்டுச் சாப்பிட வரவில்லை. பார்க்கின் ஒரு பகுதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்காலியே ரைடு.

அதே நிறுவனம் தவறியதும் உண்டு. டிஸ்னிலாண்டின் எதிரிலேயே 2001 பிப்ரவரியில் கலிபோர்னியா அட்வெஞ்சர் என்ற இரண்டாவது பார்க்கைத் திறந்தார்கள். அதில் பெயர்பெற்ற சமையல்காரர் வுல்ஃப்காங் பக்கின் அவலான் கோவ் என்ற உணவகம். தண்ணீரோரம், நல்ல இடம், நல்ல பெயர். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் விலகிவிட்டார். பார்க்குக்கே எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்பது பெரிய காரணம். ஆனால் அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். அதே கட்டடம், டிஸ்னி படத்தில் வருகிற கடற்கன்னி இளவரசி ஏரியலின் பெயரில், ஏரியல்ஸ் கிராட்டோ ஆனது. சாப்பிடும்போது இளவரசி வேஷம் போட்டவர்கள் மேசைக்கு மேசை வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பல வருஷம் ஓடியது. வெளியே இளவரசியைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும், இங்கே உட்கார்ந்தால் அவரே வருவார். சாப்பாட்டுக்குச் செலவான நேரம் வேறு கணக்கில் திரும்பக் கிடைத்துவிடுகிறது. புகழ்பெற்ற சமையல்காரரால் முடியாததை ஒரு மீன்வால் பாவாடை செய்தது என்று சொன்னால் சமையல்காரர்களுக்குக் கோபம் வரும், ஆனால் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

இன்னொரு வழி, உட்காரவே சொல்லாமல் விடுவது. டிஸ்னிலாண்டில் 1962இல் டஹீஷியன் டெரஸ் என்று நடன நிகழ்ச்சியோடு சாப்பாடு போடும் இடம் இருந்தது. 1993இல் அதை மூடி, அலாதீன் பெயரில் இன்னொரு சாப்பாட்டு நிகழ்ச்சியாக மாற்றினார்கள். அது நிலைக்கவில்லை. கடைசியில் 2018இல் அதே இடம் டிராபிகல் ஹைட்அவே என்ற திறந்தவெளிச் சிற்றுண்டிக் கடையானது. அன்னாசி ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, ஆற்றோரம் கொஞ்சம் நின்றோ உட்கார்ந்தோ போகலாம். யாரும் முன்பதிவு கேட்பதில்லை. பக்கத்தில் இருக்கிற டிக்கி ரூம் கதை இதைவிடச் சுவாரசியம். 1963இல் திறந்த அந்த இயந்திரப் பறவைகளின் நிகழ்ச்சியை முதலில் உணவகமாகத்தான் திட்டமிட்டார்கள். பறவைகள் பாட, கீழே சாப்பாடு. பறவைகளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தால் யார் மேசையைக் காலி செய்வார்கள்? கடைசியில் சாப்பாட்டை எடுத்துவிட்டு நிகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

காலி என்று நமக்குத் தெரிவது

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். காலி மேசை எல்லாமே தோல்வி இல்லை. இருநூறு இருக்கை உள்ள உணவகம், ஒரு சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நிரம்பி வழிந்தாலும் நானூறு பேருக்குமேல் போட முடியாது. மூன்று மணிக்கு அதே இடம் வெறிச்சோடிக் கிடக்கும். உச்சி நேரத்துக்குக் கட்டினால் மற்ற நேரமெல்லாம் காலி. மற்ற நேரத்துக்குக் கட்டினால் உச்சி நேரத்தில் ஜனங்கள் திட்டுவார்கள். சில இடங்களில் மேசை காலியாக இருந்தும் "இடமில்லை" என்பார்கள். மேசை இருக்கும், சமைக்கவும் பரிமாறவும் ஆள் இருக்காது. அல்லது முன்பதிவு செய்தவர் இன்னும் ரைடு வரிசையிலேயே நின்றுகொண்டிருப்பார்.

இந்தக் கணக்கில் பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன. 1992 ஏப்ரலில் பாரிஸ் அருகே யூரோ டிஸ்னி திறந்தபோது, அமெரிக்காவில் மாதிரி இங்கேயும் ஜனங்கள் நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே சுற்றுவார்கள் என்று நினைத்தார்கள். வந்தவர்களோ மதியம் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றார்கள். காலை உணவை யாரும் பெரிதாகச் சாப்பிட மாட்டார்கள் என்று விடுதிகளில் உணவகங்களைச் சின்னதாகக் கட்டினார்கள். சில இடங்களில் 350 இருக்கைகளை வைத்துக்கொண்டு 2,500 பேருக்குக் காலை உணவு போடத் திணறினார்கள். பார்க்குக்குள் மது கிடையாது என்ற விதியையும் மறு ஆண்டே தளர்த்த வேண்டியதாயிற்று. பிரான்சில் ஒயின் இல்லாமல் மேசை போட்டால் யார் உட்காருவார்கள்?

ஆனால் நான் பார்த்த மாளிகை மதியம் ஒன்றேகாலுக்கே காலியாக இருந்தது. அதனால் அதற்கு இந்தச் சலுகையைத் தர முடியவில்லை. அதன் வாசலில் இருந்த பலகையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சமையல் பாணி, சிறப்பு உணவுகள், அரசகுல அனுபவம் என்று சுருள் எழுத்தில் ஏதேதோ எழுதியிருந்தார்கள். உள்ளே நாற்காலி இருக்கிறது, நிழல் இருக்கிறது, குளிர்ச்சியும் சுத்தமான கழிப்பறையும் இருக்கின்றன, நாற்பதே நிமிஷத்தில் வெளியே விட்டுவிடுவோம் என்று ஒரு வரி இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்கிற மனுஷனுக்கு வேண்டியதெல்லாம் அவர்களிடம் இருந்தது. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பலகையில் போட்டிருந்தார்கள். பாத்ரூம் கேட்டு வருகிறவர்களைப் பற்றி அந்த மேற்பார்வையாளர் அலுத்துக்கொண்டார் அல்லவா, எனக்கென்னவோ அவர்கள்தான் சரியான வாடிக்கையாளர்கள் என்று தோன்றுகிறது.

ரைடு முடிந்து அம்மாவைத் தேடிக்கொண்டு மாளிகைக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. மண்டபத்தில் மறுபடியும் மூன்று மேசையில்தான் ஆள். அதில் ஒன்றில் அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தார். யாரும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு வெயிட்டர் பையன் நாப்கின்களை மறுபடி விசிறியாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா கையிலும் ஒன்று இருந்தது. ஓரம் சரியாக வரவில்லை என்று அதைப் பிரித்துவிட்டு, முதலிலிருந்து மடித்துக்கொண்டிருந்தார்.